பத்தாம் நம்பர் போல்ட்டுக்குப் பதினோராயிரமா?

“சென்சார் போயிருச்சுங்க.” இந்த ரெண்டே வார்த்தை போதும், நம்ம ஊர்ல எப்பேர்ப்பட்ட ஆளையும் வாயடைக்க வெச்சிரலாம். கிளட்ச் போயிருச்சுன்னு சொன்னா “எங்கே, பழைய பிளேட்டைக் கொண்டாந்து காட்டு”ன்னு கேட்கிற ஆளு, ரேடியேட்டர் ஓட்டைன்னா குனிஞ்சு விரலை வெச்சுப் பார்க்கிற ஆளு, சென்சார்னு கேட்டதும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. பெரியாஸ்பத்திரியில ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில வெச்சிருக்கிற டாக்டர் முன்னாடி நிக்கிற மாதிரி. எவ்வளவு ஆகும்னு மட்டும் கேட்கிறாரு. எது போச்சு, எங்கே இருக்கு, போச்சுன்னு எப்படித் தெரியும்னு கேட்கிறதில்லை.

நான் கேட்டேன். கேட்டதுக்குப் பதில் வரலை. அதனால வீட்டு வாசல்ல புளியமரத்தடியில நானே மாத்திக்கிட்டேன். அதைப் பெருமையா சொல்லிக்கிறதுக்கு இந்தப் பதிவு இல்லைங்க. ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டைக் கழட்டி மாட்டுற வேலை, ஒரு குடும்பத்தோட மாசச் செலவு அளவுக்கு எப்படி ஆச்சுங்கிறதைத்தான் சொல்ல வந்தேன். இதுல கோபப்பட நியாயம் இருக்குன்னு நினைக்கிறேன்.

முதல்ல நம்ம ஊரைப் பத்திச் சொல்லியாகணும், இல்லாட்டி இந்தக் கோபம் வெளியூர்க்காரங்களுக்குப் புரியாது. திருச்செங்கோடுன்னா மத்தவங்களுக்கு மலை மேல இருக்கிற அர்த்தநாரீஸ்வரர் கோயில். வண்டித் தொழில்ல இருக்கிறவங்களுக்கு ரிக் வண்டி. இந்தியாவுல எந்த மாநிலத்துல போர் போட்டாலும், அங்க நிக்கிற வண்டியில திருச்செங்கோடுன்னு எழுதியிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. இந்தப் பக்கம் நாமக்கல், அந்தப் பக்கம் சங்ககிரி, ரெண்டும் லாரி ஊர். ரிக் வண்டி மத்தியப் பிரதேசத்துல ஏதோ ஒரு காட்டுக்குள்ள நின்னா, நூறு கிலோமீட்டருக்குள்ள ஒரு ஒர்க்‌ஷாப் இருக்காது. கூட வந்த பையன்களே கம்ப்ரசரைப் பிரிச்சு, கேஸ்கெட்டை வெட்டி ஒட்டி, விடியறதுக்குள்ள வண்டியை ஓட்டிருவாங்க. பத்தாவது ஃபெயிலான பையன் இங்கிலீசு தெரியாம, இந்தி தெரியாம, ஆனா இன்ஜின் சத்தத்தைக் கேட்டே எந்த சிலிண்டர் அடி வாங்குதுன்னு சொல்லுவான். இப்படி ஒரு ஊர்ல இருந்துக்கிட்டு, கட்டைவிரல் தண்டி பிளாஸ்டிக் துண்டுக்கு நாம கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும்னா எப்படிங்க?

சரி, விசயத்துக்கு வர்றேன். என்கிட்ட இருக்கிறது பிஎஸ்4 டீசல் கார். கம்பெனி பேரு வேண்டாம், எல்லாக் கம்பெனியும் இதுல ஒண்ணுதான். பால் கேனும் அதுலதான் போகுது, மாட்டுத் தீவன மூட்டையும் அதுலதான் வருது, அம்மாவை ஈரோட்டுக்குக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போறதும் அதுலதான். சித்திரை வெயில்ல ஒரு நாள் சங்ககிரி ரோட்டுல ஓடிக்கிட்டே இருக்கும்போது நின்னு போச்சு. குலுக்கல் இல்லை, இருமல் இல்லை, சாவியைத் திருப்பி அணைச்ச மாதிரி நின்னுச்சு. பின்னாடி லாரி. அம்மா உள்ளே. செல்ஃப் அடிச்சா மோட்டார் நல்லா சுத்துது, ஆனா பத்தவே இல்லை. இருபது நிமிசம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆச்சு. அடுத்த வாரம் ரெண்டு தடவை அதே கதை.

சூடானா நிக்கும், ஆறினா ஓடும். இந்தக் குணம் இருந்தா முதல் சந்தேகம் கிராங்க் பொசிசன் சென்சார் மேலதான் போகணும். அது என்ன செய்யுதுன்னு கொஞ்சம் சொல்றேன், ஏன்னா இதைத்தான் ஏதோ ராக்கெட் விசயம் மாதிரி மூடி வெச்சிருக்காங்க. இன்ஜினுக்குள்ள கிராங்க் சுத்துறதோட சேர்ந்து ஒரு பல்சக்கரம் சுத்தும். பெரும்பாலும் அறுபது பல்லுக்கு இடம் இருக்கும், அதுல ரெண்டு பல்லை வேணும்னே விட்டிருப்பாங்க. பல்லு விழுந்த தாத்தா சிரிக்கிற மாதிரி ஒரு இடத்துல மட்டும் சந்து. சென்சார் அந்தப் பல்லுக்கு எதிர்ல, தொடாம, நூல் இடைவெளியில உட்கார்ந்துக்கிட்டு எண்ணிக்கிட்டே இருக்கும். சந்து வந்ததும் ‘ஒரு சுத்து முடிஞ்சுது’ன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லும். கமலை ஓட்டினவங்களுக்குத் தெரியும், மாடு எங்க திரும்புதுன்னு பார்த்துத்தான் கயித்துல ஏறி உட்காரணும். அதே கணக்குதான். எந்த நேரத்துல டீசலைப் பீச்சணும்னு இந்த எண்ணிக்கையை வெச்சுத்தான் கம்ப்யூட்டர் முடிவு பண்ணும். எண்ணிக்கை வரலைன்னா பெரும்பாலான வண்டியில டீசலை நிறுத்திரும், இன்ஜின் அணைஞ்சிரும். சூட்டுல சென்சார் உள்ளே இருக்கிற கம்பியோ சின்ன மின்பாகமோ விட்டுப் போகும், ஆறினா மறுபடி ஒட்டிக்கும். இவ்வளவுதான் ரகசியம்.

இதை நான் ஒர்க்‌ஷாப்புல சொன்னேன். கவுண்டர்ல இருந்த தம்பி மரியாதையாத்தான் பேசினாப்ல, அவரைக் குத்தம் சொல்ல மாட்டேன். வண்டியை மூணு நாள் விடணும்னாரு. அப்புறம் ஒரு எஸ்டிமேட் நீட்டினாரு. சென்சார், அதோட வயரிங் செட், ஸ்டார்ட்டர் மோட்டார் கழட்டி மாட்டுற கூலி, ஸ்கேனிங் சார்ஜ், வரி, எல்லாம் சேர்த்து பதினோராயிரத்துச் சொச்சம். “வயரிங் கெட்டுருச்சுன்னு எப்படித் தெரியும், செக் பண்ணுனீங்களா?”ன்னு கேட்டேன். “சேஃப்டிக்குங்க சார், ரெண்டையும் சேர்த்து மாத்தறதுதான் எங்க முறை”ன்னாரு. “சென்சார் மட்டும் கொடுங்க, நான் போட்டுக்கிறேன்”னேன். வண்டியை அங்கே விட்டாத்தான் பார்ட் எடுக்க முடியும்னாரு. அங்கதான் எனக்கு ஏறுச்சு. பருத்தி விதை வாங்கப் போனா, “உங்க காட்டுல எங்க ஆளுதான் விதைப்பான், சம்மதம்னா விதை தர்றோம்”னு கடைக்காரன் சொன்னா நாம என்ன செய்வோம்?

அந்த எண்ணைக் குறிச்சுக்கிட்டு வந்து, வெளியில அதே சென்சாரை, அந்தக் கார் கம்பெனிக்கே சப்ளை பண்ற தயாரிப்பாளரோட பெட்டியில, ரெண்டாயிரத்துக்குள்ள வாங்கினேன். கம்பெனி முத்திரை மட்டும் இல்லை. பொருள் ஒண்ணுதான்.

மாத்தறதுக்கு முன்னாடி பார்த்த வைத்தியத்தைச் சொல்லியாகணும். பார்ட்டை மாத்தி மாத்திப் பார்க்கிறது ரிப்பேர் இல்லை, சூதாட்டம். 2013க்கு அப்புறம் வந்த கார்கள்ல ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும். அதுல மாட்டுற தீப்பெட்டி அளவு புளூடூத் கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது, செல்போன்ல படிக்கும். என் வண்டியில பி0335ன்னு கோடு வந்துச்சு. அது எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடு, கிராங்க் சென்சார் சுற்று சரியில்லைன்னு அர்த்தம். சென்சார் கெட்டுருச்சுன்னு அர்த்தம் இல்லை, அந்த வித்தியாசம் முக்கியம். வயரை எலி கடிச்சிருந்தாலும் இதே கோடுதான் வரும். காட்டுக்குள்ள வீடு இருக்கிறவங்க வண்டியில எலிதான் பாதி மெக்கானிக்குக்குச் சோறு போடுது. அதனால வண்டி சூடாகி நின்ன நேரத்துலயே பார்த்தேன். செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளு அசையவே இல்லை, போன்லயும் பூஜ்யம். சென்சார் சாக்கெட்டைக் கழட்டி, சாவியை ஆன் பண்ணி மல்ட்டிமீட்டர் வெச்சா, மூணு வயர்ல ஒண்ணுல அஞ்சு வோல்ட் சரியா வருது, ஒண்ணு எர்த் நல்லா இருக்கு, மூணாவதுலயும் கம்ப்யூட்டர் அனுப்புற வோல்ட் இருக்கு. ஆக வயர் மேல தப்பு இல்லை. எஸ்டிமேட்ல இருந்த வயரிங் செட் தேவையே இல்லைங்கிறது அந்த அஞ்சு நிமிசத்துல தெரிஞ்சு போச்சு. ரெண்டு வயர் மட்டும் வர்ற காந்தச்சுருள் வகை சென்சார்னா ஓம் பார்க்கலாம், சில நூறுல இருந்து ஆயிரம் சொச்சம் வரைக்கும் காட்டும். மூணு வயர் வகைக்கு ஓம் பார்க்கக் கூடாது, அது எதையும் சொல்லாது.

இனி அந்தப் போல்ட்டு. எங்கே வெச்சிருக்கான்னு கேளுங்க. இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல, ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் பின்னாடி, இன்டேக் பைப்புக்குக் கீழே. மேல இருந்து பார்த்தாத் தெரியாது. கீழே இருந்து பார்த்தாலும் தெரியாது. பல்லு டாக்டர் வெச்சிருக்கிற மாதிரி சின்னக் கண்ணாடி வெச்சாத்தான் அது இருக்கிறதே தெரியும். கை மணிக்கட்டு வரைக்கும் போகுது, அதுக்கு மேல திரும்பலை. இதை வடிவமைச்சவர் கெட்ட எண்ணத்துல வெச்சிருக்க மாட்டாரு, பல்சக்கரம் அங்கதானே இருக்கு. ஆனா கெடுற பொருள்னு தெரிஞ்சும், அதை மாத்துற கை ஒண்ணு உலகத்துல இருக்குங்கிறதையே அவர் நினைக்கலை. நம்ம அப்புச்சி காலத்து ஏர்க் கலப்பையில கொழு தேய்ஞ்சா வயல்லயே தட்டிக் கழட்டி வேற மாட்டலாம். செஞ்ச ஆசாரிக்கு அது தேயும்னு தெரியும், தேய்ஞ்சா மாத்துறவன் யாருன்னும் தெரியும்.

வேலை ரெண்டரை மணி நேரம் ஆச்சு. அதுல ரெண்டு மணி நேரம் அந்த இடத்தை அடையறதுக்கு. பேட்டரி மைனஸைக் கழட்டிட்டு, இன்ஜின் நல்லா ஆறினதுக்கு அப்புறம்தான் கையை விட்டேன். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில படுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல இருக்கு, அதைத் தயவு செஞ்சு விட்டுருங்க. ஜாக்கி ஸ்டாண்ட் இல்லாம வண்டிக்கு அடியில தலையைக் கொடுக்கக் கூடாது, பின் சக்கரத்துக்குக் கட்டை கொடுக்கணும். ஏர் ஃபில்டர் பைப்பைக் கழட்டி ஒரு வழி பண்ணிக்கிட்டேன். நெத்தியில கட்டுற லைட்டு, ஒன்றரை அடி எக்ஸ்டென்சன், முனையில வளைஞ்சு கொடுக்கிற யுனிவர்சல் ஜாயிண்ட், அதுல பத்தாம் நம்பர் சாக்கெட். போல்ட்டு கீழே விழுந்தா எங்க போகும்னு கடவுளுக்கே தெரியாதுங்கிறதால சாக்கெட்டுக்குள்ள கொஞ்சம் கிரீஸ் தடவி வெச்சேன், போல்ட்டு அதுலயே ஒட்டிக்கிட்டு வெளியே வந்துச்சு. சூட்டுல வெந்த பிளாஸ்டிக் சாக்கெட் முறுக்கு மாதிரி நொறுங்கும், அவசரப்பட்டு இழுக்கக் கூடாது, பூட்டை அமுக்கிக்கிட்டே ஆட்டி ஆட்டித்தான் எடுக்கணும். சென்சார் ஓட்டையில ஒட்டிக்கிட்டு வராது. ஸ்குரூடிரைவர் போட்டு நெம்பினா தலை முறிஞ்சு பாதி உள்ளேயே நின்னுக்கும், அப்புறம் உண்மையிலேயே பதினோராயிரம்தான். இடமும் வலமுமா திருகித் திருகி, சுத்தியும் எண்ணெய் விட்டு ஊற வெச்சா, பல்லு ஆடுற மாதிரி ஆடிக்கிட்டே வந்திரும். புதுசோட ஓ-ரிங்ல ரெண்டு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, கையாலயே அமுக்கி முழுசா உட்கார வெச்சிட்டு, அப்புறம்தான் போல்ட்டு. போல்ட்டை இறுக்கி சென்சாரை உள்ளே இழுக்கக் கூடாது. கையிறுக்கம் போதும்.

எதுத்த தோட்டத்துப் பங்காளி பூரா நேரமும் கட்டில்ல உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கிட்டு, “இந்த நேரத்துக்கு ரெண்டு பாத்தி வெங்காயம் களை எடுத்திருக்கலாம் மாப்ள”ன்னாரு. வாஸ்தவந்தான். ஆனா ஒம்போதாயிரம் ரூபாய்க்கு எத்தனை மூட்டை வெங்காயம் விக்கணும்னு அவரே கணக்குப் போட்டுட்டு, அப்புறம் டார்ச்சைப் பிடிக்க வந்துட்டாரு.

கோடை அழிச்சேன், வண்டி ஓடுது. வைகாசி, ஆனி ரெண்டு மாசம் வெயில்ல ஓட்டியாச்சு, நிக்கலை. ஆனா இதுல எனக்கு அதிர்ஷ்டமும் இருந்துச்சு. சில வண்டியில புது சென்சார் போட்டா, புதுப் பல் எண்ணிக்கையைக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிக் கொடுக்கணும். அதைக் கம்பெனி சாப்ட்வேர்தான் செய்யும். என் வண்டிக்கு அது தேவைப்படலை. தேவைப்பட்டிருந்தா, பார்ட்டும் என்னுது, வேலையும் என்னுது, வண்டியும் என்னுது, ஆனா கடைசி ஒரு பட்டனை அமுக்க அவங்க வாசல்ல போய் நிக்கணும். சந்துக்குள்ள இருக்கிற போல்ட்டை எக்ஸ்டென்சன் போட்டுப் பிடிச்சிரலாம். பூட்டின சாப்ட்வேருக்கு எந்த எக்ஸ்டென்சன் போடறது? நான் கோபப்படறது அந்தப் பூட்டு மேலதான்.

இதுக்கு எதிர்க்கேள்வி ஒண்ணு வரும், வரணும். “ஆளாளுக்குக் கழட்டினா விபத்து நடக்காதா? உயிர் விசயமாச்சே?” நியாயமான கேள்வி. நானும் எல்லாத்தையும் தொடறதில்லை. இப்ப வர்ற காமன் ரெயில் டீசல்ல பைப்புக்குள்ள ஆயிரத்து அறுநூறு பாருக்கு மேல அழுத்தம் ஓடும். ஓடற இன்ஜின்ல அந்த நட்டை லூஸ் பண்ணினா டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள ஏறும், கையையே எடுக்க வேண்டி வரலாம். மஞ்சள் சாக்கெட் போட்ட ஏர்பேக் வயர், பேட்டரி காரோட ஆரஞ்சு வயர், இதுக்கெல்லாம் படிச்ச ஆள்தான் வேணும். ஆனா பாருங்க, எது ஆபத்து, எது ஆபத்தில்லைன்னு பிரிச்சுச் சொல்ற புத்தகத்தைத்தான் அவங்க பூட்டி வெச்சிருக்காங்க. பாதுகாப்பு மேல அவ்வளவு அக்கறை இருக்கிறவங்க முதல்ல அதைத்தானே வெளியிடணும்? எல்லாத்தையும் பயங்கரம்னு சொல்லிட்டா, நிஜமான பயங்கரம் எதுன்னு யாருக்கும் தெரியாமப் போயிரும்.

இன்னொரு கூட்டமும் இருக்கு, அவங்களையும் விடறதா இல்லை. “சென்சாரே வேண்டாம்ணா, பைபாஸ் பண்ணிரலாம், புகை ஃபில்டரைக் குடைஞ்சு எடுத்திரலாம், சாப்ட்வேரை மாத்திரலாம்”னு சொல்ற ஆளுங்க. இவங்களை என் வாசல்லயே சேர்க்கிறதில்லை. சென்சார் எதிரி இல்லைங்க. இருபது வருசத்துக்கு முந்தி சங்ககிரி மேட்டுல ஏறுற லாரிக்குப் பின்னாடி பைக்கில போனவங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வந்து துப்பினா எச்சில் கருப்பா வரும். இன்னைக்கு அது குறைஞ்சிருக்குன்னா இந்தச் சென்சாருங்க போட்ட உழைப்புதான் காரணம். 2017 ஏப்ரல்ல நாடு பூரா பிஎஸ்4, 2020 ஏப்ரல்ல பிஎஸ்6 வந்துச்சு. நல்லதுக்குத்தான் வந்துச்சு. ஆனா யோசிங்க, முறையா ரிப்பேர் பண்ற வழியை அடைச்சு, விலையையும் ஏத்தி வெச்சா, லாரிக்காரன் கடைசியில யார்கிட்ட போவான்? பிஎஸ்6 லாரியில யூரியா கரைசல் சம்பந்தப்பட்ட ஒரு சென்சார் மக்கர் பண்ணினா, கொஞ்ச தூரத்துலயே வண்டி தானா சக்தியைக் குறைச்சிரும், லோடோட மேடு ஏறாது. லோடு கெடு தேதி, டீசல் காசு, டியூ எல்லாம் கழுத்தைப் பிடிக்கும்போது பைபாஸ்காரன்தான் தெய்வமாத் தெரிவான். பூட்டு போட்டவங்கதான் இந்தக் கள்ளச் சந்தையை வளர்த்து விடறாங்க.

இதெல்லாம் நான் புதுசாக் கண்டுபிடிச்ச புலம்பல் இல்லை. 2011லயே ஒரு கார் உரிமையாளர் இந்தியப் போட்டி ஆணையத்துல புகார் கொடுத்தாரு, உதிரி பாகமும் சோதனைக் கருவியும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்காம கார் கம்பெனிங்க தடுக்கிறாங்கன்னு. மூணு கம்பெனி மேல ஆரம்பிச்ச விசாரணை விரிஞ்சுது. 2014 ஆகஸ்ட் 25ஆம் தேதி பதினாலு கார் கம்பெனிங்களுக்குச் சேர்த்து 2,544 கோடி ரூபாய்க்கு மேல அபராதம் போட்டாங்க. மாருதி, டாட்டா, மஹிந்திரா, டொயோட்டா, ஹோண்டா, ஃபோர்டு எல்லாம் அந்தப் பட்டியல்ல உண்டு. அபராதத்தை விட அந்த உத்தரவுல இருந்த வாசகங்கதான் எனக்கு முக்கியம். உதிரி பாகமும் சோதனைக் கருவியும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைக்க வழி பண்ணணும். பாகங்களோட விலையை எல்லாரும் பார்க்கிற மாதிரி வெளியிடணும். வெளியில ரிப்பேர் பண்ணினதுக்காக மட்டும் மொத்தமா வாரன்ட்டியை ரத்து பண்ணக் கூடாது, வெளி மெக்கானிக்கோட தப்பான வேலையால ஏற்பட்ட சேதத்துக்கு வேணா பொறுப்பில்லைன்னு சொல்லிக்கலாம். இவ்வளவு தெளிவா எழுதியிருக்கு. 2016 டிசம்பர்ல மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் டொயோட்டா, ஃபோர்டு, நிஸான் மூணு கம்பெனி சம்பந்தமா அந்த முடிவு சரின்னு சொல்லிட்டு, அபராதக் கணக்கை மட்டும் குறைச்சது. உத்தரவு வந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. “வெளியில கை வெச்சா வாரன்ட்டி போயிரும்”ங்கிற வார்த்தையை இன்னைக்கும் எல்லா கவுண்டர்லயும் கேட்டுக்கிட்டுத்தானே இருக்கோம்?

2022 ஜூலையில மத்திய அரசோட நுகர்வோர் துறை ‘ரிப்பேர் பண்ற உரிமை’க்குன்னு ஒரு கமிட்டி போட்டுச்சு. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகச் சாமான், வாகனம்னு நாலு துறையைக் குறிச்சாங்க. விவசாயக் கருவியைச் சேர்த்ததுக்கு என் சார்பா ஒரு கும்பிடு. அந்த வருசக் கடைசியிலயே இணையதளமும் ஆரம்பிச்சாங்க. அதுக்கப்புறம் நடந்தது ரிப்பேர் எவ்வளவு சுலபம்னு பொருளுக்கு மார்க் போடற யோசனை, அதுவும் செல்போன், எலக்ட்ரானிக் சாமான்ல இருந்து. சட்டம்னு ஒண்ணு வரலை. இணையதளத்துல விவரம் போடறது கம்பெனியோட மனசைப் பொறுத்துதான்னா, அது உரிமை இல்லைங்க, தர்மம்.

அமெரிக்காக்காரன் எல்லாத்துலயும் நமக்கு முன்மாதிரின்னு சொல்ல மாட்டேன், ஆனா இதுல அங்க இருக்கிற விவசாயி சண்டை போட்டுக்கிட்டு இருக்கான். மாசசூசெட்ஸ் மாநிலத்துல 2012லயே ஓட்டுப் போட்டு, கார் ரிப்பேர் விவரத்தை வெளி மெக்கானிக்குக்கும் கொடுக்கணும்னு கொண்டாந்துட்டாங்க. கொலராடோ மாநிலத்துல 2023ல டிராக்டர், அறுவடை மிசின் இதுகளுக்குன்னே தனிச் சட்டம். ஜான் டீர் கம்பெனி மேல 2025 ஜனவரியில அங்க இருக்கிற மத்திய வர்த்தக ஆணையமே வழக்குப் போட்டிருக்கு, ரிப்பேர் சாப்ட்வேரைத் தன் டீலருக்கு மட்டும் வெச்சுக்கிறாங்கன்னு. ஐரோப்பாவுல 2007 விதிப்படியே கார் ரிப்பேர் விவரத்தை வெளி ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுத்தாகணும். இதே கம்பெனிங்கதான் அங்கயும் கார் விக்கிறாங்க. அங்க கொடுக்க முடிஞ்சது இங்க ஏன் முடியலை? அங்க கேட்டாங்க, சட்டத்தைப் போட்டு வாங்கினாங்க. நாம பில்லைக் கட்டிட்டு வந்துட்டோம்.

எங்க ஊர் மெக்கானிக் அண்ணனைப் பத்திச் சொல்லாம இதை முடிக்க முடியாது. முப்பது வருசமா ஷெட்டு வெச்சிருக்காரு. அறுவடை நேரத்துல ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டாலும் லுங்கியோட டிவிஎஸ் 50ல வந்து நிப்பாரு. காசு அப்புறம் தர்றேன்னா சரிம்பாரு, அப்புறம்ங்கிறது ஆறு மாசமானாலும் கேட்க மாட்டாரு. இப்ப பிஎஸ்6 வண்டி வந்தா ஷெட்டுக்குள்ள விடறதில்லை. “தம்பி, எனக்குக் கைவேலை மறக்கலை. அவன் வயரிங் படம் கொடுத்தா ஒரு மாசத்துல படிச்சுக்குவேன். படமே இல்லாம நான் எதைப் பிடிச்சுப் பார்க்கிறது?”ன்னாரு. அவரோட பையன் ஐடிஐ முடிச்சிட்டு ஓசூருக்கு வேலைக்குப் போயிட்டான். ஷெட்டுல இப்ப பழைய டிராக்டரும் மொபெட்டும்தான் நிக்குது. கார் கம்பெனி ஒர்க்‌ஷாப் ஒண்ணு வந்தா பத்துப் பேருக்கு வேலைங்கிறாங்க. இப்படி நூறு ஷெட்டு மூடினா எத்தனை பேருக்கு வேலை போச்சுன்னு யாரு எண்ணுறது?

நான் கேட்கிறது ஒண்ணும் பெரிசில்லை. வண்டியோட வயரிங் படம், எந்த வயர்ல எவ்வளவு வோல்ட் வரணும்னு ஒரு தாள், பார்ட் நம்பரோட விலை, கேட்டவங்களுக்குக் கவுண்டர்ல பார்ட். சாப்ட்வேர் வேணும்னா ஒரு நாள் வாடகைக்குக் கொடுக்கட்டும், இலவசமாக் கேட்கலை. சட்டம் வர்ற வரைக்கும் நம்ம கையில இருக்கிறதையாவது செய்யலாம். புது வண்டி வாங்கப் போறவங்க ஷோரூம்ல மைலேஜும் டச் ஸ்கிரீனும் மட்டும் கேட்காம, பானெட்டைத் திறக்கச் சொல்லி, “கிராங்க் சென்சார் எங்கே இருக்கு, மாத்த எவ்வளவு கூலி?”ன்னு கேளுங்க. விக்கிற தம்பிக்குத் தெரியாது, உள்ளே போய்க் கேட்டுட்டு வரட்டும். எஸ்டிமேட் கொடுத்தா ஒவ்வொரு வரிக்கும் “இதைச் சோதிச்சீங்களா, சோதனையில என்ன வந்துச்சு”ன்னு கேளுங்க. கழட்டின பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. பத்துப் பேர் கேட்டா முறைப்பாங்க, ஆயிரம் பேர் கேட்டா போர்டு எழுதி மாட்டுவாங்க.

கார் நின்னா பஸ்ஸுல போயிரலாம்ங்க. அடுத்தது டிராக்டர். 2023 ஜனவரியில இருந்து 50 குதிரைத் திறனுக்கு மேல வர்ற புது டிராக்டருக்கும் புதுப் புகை விதி வந்துருச்சு, அதோட காமன் ரெயில், சென்சார், கம்ப்யூட்டர் எல்லாம் வந்துருச்சு. மேக்கால தோட்டத்து மாமா போன வருசம் ஒண்ணு எடுத்தாரு. போன வெள்ளிக்கிழமை அதுல மஞ்சள் லைட்டு எரிஞ்சு, ஆக்சிலரேட்டர் பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது. என் தீப்பெட்டிக் கருவியைக் கொண்டு போனேன், அந்த டிராக்டர் சாக்கெட்டே வேற மாதிரி, மாட்டவே முடியலை. டீலர்கிட்ட இருந்து ஆளு வர அஞ்சு நாளாகுமாம். ஞாயித்துக்கிழமை ராத்திரி நல்ல மழை பெஞ்சிருக்கு, நிலக்கடலை விதைக்க மண்ணுல ஈரம் இன்னும் மூணு நாளைக்குத்தான் நிக்கும். மாமா இன்னைக்குக் காலையில மெக்கானிக் அண்ணன் ஷெட்டுல நிக்கிற பழைய டிராக்டரை வாடகைக்குக் கேட்டுட்டு வந்திருக்காரு.